திடீர் லீவுக்கு ஒரு மலை: யாழ்ப்பாணத்தில் இருந்து தனியாகப் போய் வரலாமா?

வாசகர் கேள்வி, 24 செப்டெம்பர் 2024, காலை

ஞாயிறு ஜனாதிபதித் தேர்தல் முடிவு வந்த கையோடு திங்கள் அரச விடுமுறை என்று அறிவித்தார்கள். கையில் ஒரு முழு நாள். கூட்டாளிகளுக்குப் போன் எடுத்துப் பார்த்தேன், ஒருவரும் அசையவில்லை. படுத்துக் கிடந்தே பொழுது போய்விட்டது. எனக்கு மலை ஏற ஆசை. ஆனால் ஹட்டன், நுவரெலியா என்றால் இரண்டு நாள் வேண்டும், வான் வேண்டும், பத்துப் பேர் வேண்டும். ஒரே நாளில், தனி ஆளாக, பஸ்ஸில் போய் ஏறி இறங்கி, இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரக்கூடிய மலை ஏதும் இருக்கிறதா? பெயரில் மட்டும் மலை இருக்கிற கீரிமலையைச் சொல்லிப் பகிடி விடுகிறவர்கள் தயவுசெய்து விலகி நிற்கவும்.

24 செப்டெம்பர் 2024, இரவு

இருக்கிறது. அதே திங்கட்கிழமை நான் போய் வந்தேன். மிகிந்தலை.

வரைபடத்தில் ஏ9 வீதியைப் பிடித்துத் தெற்கே வாருங்கள். ஆனையிறவு, கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா. எல்லாம் தட்டை. மதவாச்சிப் பக்கம் வரும்போதுதான் பாறைக்குன்றுகள் தலைகாட்டும். அதற்கும் அப்பால் மிகிந்தலையில் வீதிக்குக் கிட்டவே ஒரு மலை நிற்கிறது. கண்டி பஸ்ஸில் ஏறினால் இடையில் மாறவும் தேவையில்லை, சந்தியில் இறங்கி நடக்கலாம். எங்கள் வீதியில் முதலில் வருகிற ஒழுங்கான மலை அதுதான். நாங்கள் அதைத் தாண்டித் தாண்டித்தான் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் போய்க்கொண்டிருக்கிறோம்.

லீவு என்று தெரிந்தபோது இரவுச் சாப்பாடு முடிந்திருந்தது. மகனுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, ஆனால் ரியூசன் இருந்தது. ஜனாதிபதி மாறினாலும் ரியூசன் மாறாது. அம்மாவிடம் சொன்னேன்.

"தனியவோ?"

"ஓம்."

"கோயிலுக்கோ?"

"கோயில் மாதிரித்தான்."

அதோடு விட்டுவிட்டார். விடியப்புறம் பஸ் எடுத்து, கிளிநொச்சி தாண்டும் வரை நித்திரை. ஒன்பது மணியளவில் மிகிந்தலைச் சந்தியில் இறங்கினேன். தேத்தண்ணீர்க் கடையில் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால். புதிய ஜனாதிபதி சத்தியப்பிரமாணம் செய்கிற நாள் அல்லவா. கடைக்காரர் ஒரு கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டே பிளேன் டீ ஊற்றினார். சீனி இரண்டு தரம் போட்டுவிட்டார். ஏறப்போகிற ஆளுக்கு நல்லதுதான் என்று குடித்தேன்.

படிகள் 1840. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கீழ்ப்பகுதியில் கற்படிகள் அகலமாகவும் உயரம் குறைவாகவும் இருக்கின்றன. இரண்டு பக்கமும் அரலி மரங்கள், கீழே உதிர்ந்த பூ. அவசரப்படாமல் ஏறினால் மூச்சு வாங்காது. அன்று படிகளில் ஆட்களே குறைவு. ஊர் முழுக்கத் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றதனாலோ என்னவோ.

முதல் கட்டம் முடிந்ததும் வலப்பக்கம் ஒரு கிளைப்படி பிரிகிறது. கந்தக சேத்தியவுக்குப் போகிற வழி. பெரும்பாலானவர்கள் இதைத் தவறவிட்டு நேரே மேலே போய்விடுகிறார்கள். அது ஒரு பழைய தாதுகோபம் (புத்த தூபி), நான்கு பக்கமும் சிற்ப வாசல்கள். யானை, வாத்து, குள்ளப் பூதங்கள். பின்னால் பாறைக் குகைகள். குகை வாசலுக்கு மேலே பாறையில் ஒரு விளிம்பு கொத்தியிருக்கிறார்கள். மழைநீர் பாறை வழியே வழிந்து உள்ளே போகாமல், அந்த விளிம்பில் முறிந்து வெளியே சொட்டுவதற்கு. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய வேலை. எங்கள் வீட்டுச் சண்சேட்டில் இந்த அறிவு இருந்திருந்தால் மாரியில் யன்னல் நனையாது.

மிச்சம் நாளைக்கு. கால் உளைகிறது.

25 செப்டெம்பர் 2024

கால் உளைவு பற்றியே தொடங்குகிறேன், ஏனென்றால் இன்று அலுவலகத்தில் கதிரையில் இருந்து எழும்பவே கை ஊன்ற வேண்டியிருந்தது. தொடை இரண்டும் உரலில் போட்டு இடித்த மாதிரி.

இதில் ஒரு விசயம் இருக்கிறது. ஏறும்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கெடுத்தது இறக்கம். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். அப்போதுதான் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. வலி உடனே வராது, ஒரு நாள் கழித்துத் தொடங்கி இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். பழகின ஆளுக்கு இது குறைவு. நாங்கள் எங்கே பழகுவது? யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த கால் இறக்கத்தைக் கண்டதே இல்லை. வீடுகள் பெரும்பாலும் நிலமட்டம். கொஞ்சம் உயரம் என்றால் கோட்டைக் கொத்தளத்தில் பின்னேரம் ஏறி நிற்பது.

சைக்கிள் ஓடுகிறோமே, அந்தப் பலம் இல்லையா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இருக்கிறது. சோளகக் காற்றுக்கு எதிராகப் பண்ணைப் பாலத்தால் வேலணைக்குச் சைக்கிள் மிதித்தவர்கள் எந்த மலையிலும் ஏறுவார்கள். ஏற்றத்துக்கு அது போதும். ஆனால் சைக்கிள் இறக்கத்தைப் பழக்காது, மிதிப்பதில் தசை நீண்டு பாரம் தாங்குகிற வேலையே இல்லை.

ஆகவே தனியாகப் போகிறவர்களுக்கு: இறங்கும்போது பஸ் பிடிக்கிற அவசரத்தில் குதித்து வராதீர்கள். கைபிடி இருக்கிற இடத்தில் பிடியுங்கள்.

25 செப்டெம்பர் 2024, இரவு

சரி, மேலே என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு.

பாதி வழியில் ஒரு மேடை வருகிறது. அதுவரை வாகனம் போகிற வேறு வீதியும் உண்டு. வயதானவர்களோடு போனால் அதால் போய்ப் பாதிப் படியை மிச்சம் பிடிக்கலாம். அந்த மேடையில் தானசாலையின் இடிபாடு இருக்கிறது. பிக்குகளுக்குச் சோறும் கஞ்சியும் ஊற்றி வைத்த நீண்ட கல் தொட்டிகள். ஒரு முழு ஆள் படுத்துக்கொள்ளலாம், அவ்வளவு நீளம்.

அதற்கும் மேலே அம்பஸ்தலை தாதுகோபம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் மகிந்த தேரரும் மன்னன் தேவநம்பிய தீசனும் சந்தித்த இடம் என்பது மரபு. மான் வேட்டைக்கு வந்த அரசனிடம் தேரர் மாமரத்தைக் காட்டிக் கேள்வி கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே செருப்பும் தொப்பியும் கழற்ற வேண்டும். செருப்பைக் கழற்றின பிறகு பாறைதான், மணல் அல்ல. பத்தரை மணிக்கே கால் சுட்டது. நல்லூர் வீதியில் மணலில் நடந்து பழகியவர்களுக்கும் இது வேறு சூடு. தடித்த காலுறை ஒன்று கொண்டு போங்கள், காலுறையோடு நடக்கலாம்.

பக்கத்தில் ஆராதனா கல. நிமிர்ந்து நிற்கிற தனிப் பாறை, பாறையில் வெட்டிய ஒடுங்கிய படி, இரும்புக் கம்பி. இதுதான் உண்மையில் ஏறுகிற இடம். சோளகம் இன்னும் அடங்காத காலம், மேலே சேலை கட்டிய ஒரு அம்மா முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தார். நான் சல்வாரில் போனதற்குச் சந்தோசப்பட்டேன். மேலே நின்றால் நாலாபக்கமும் பச்சை, குளங்கள், மேற்கே அநுராதபுரத்துத் தாதுகோபங்களின் வெள்ளை முதுகுகள்.

அந்த அம்மாவே என்னைப் பார்த்து முதலில் கேட்டது: "தனியமத ஆவே?" வீட்டில் தமிழில் கேட்ட அதே கேள்வி, நூறு மைலுக்கு அப்பால் சிங்களத்தில். ஓம் என்று தலையாட்டினேன். தன் பையில் இருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்துத் தந்தார். எதற்கு என்று தெரியவில்லை, தனியாக வந்தவள் பாவம் என்று நினைத்திருக்கலாம்.

27 செப்டெம்பர் 2024

வேறு மலைகளைச் சொல்லிப் பலர் எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாக.

கோணேசர் மலை. திருகோணமலைக்கு ஒரே நாளில் போய் வரலாம், ஆனால் பஸ்ஸில் இருக்கிற நேரம் இன்னும் கூட. கோட்டை வாசலால் உள்ளே போய், மான்கள் திரிகிற வீதியால் நடந்து, கடைகளைத் தாண்டிக் கோயிலுக்கு ஏறுவது. சுவாமி பாறையில் நின்று கீழே கடலைப் பார்ப்பதற்கு ஈடு இல்லை. கும்பிடப் போகிறவர்களுக்கு அதுவே போதும். எனக்கு நடை காணாது. ஏறத் தொடங்கும்போதே ஏறி முடிந்துவிடுகிறது.

சிவனொளிபாதமலை. 2243 மீற்றர். காலம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியில் முடியும். செப்டெம்பரில் கிடைக்கிற திடீர் லீவுக்கு இது சரிவராது, ஒரு நாளிலும் ஆகாது.

ரிட்டிகல. 766 மீற்றர், வடமத்திய சமவெளியில் அதுதான் பெரியது. அனுமன் கொண்டுபோன மூலிகை மலையில் ஒரு துண்டு விழுந்த இடம் என்று கதை. ஆனால் அது கடுமையாகப் பாதுகாக்கப்பட்ட காடு, பழைய மடங்களின் இடிபாடு வரைக்கும்தான் விடுவார்கள். பிரதான வீதியில் இருந்து உள்ளே தூரம், யானையும் உண்டு. தனி ஆளுக்கு, அதுவும் பஸ்ஸில் வருகிற ஆளுக்கு, நான் சொல்லமாட்டேன்.

வெடுக்குநாறிமலை, குருந்தூர்மலை. தூரக் கணக்குப் பார்த்தால் இவை மிகிந்தலையைவிடக் கிட்ட, இதைச் சொன்ன தம்பி சரியாகத்தான் சொல்கிறார். வெடுக்குநாறியில் ஆதிலிங்கேசுவரரைக் கும்பிடப் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் 2024 சிவராத்திரி இரவு அங்கே எட்டுப் பேரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போன கதை எல்லோருக்கும் தெரியும். குருந்தூரும் சைவ இடமா பௌத்த இடமா என்று நீதிமன்றம், தொல்லியல் திணைக்களம் என இழுபடுகிறது. அந்த மலைகளில் ஏறுகிற ஆள் ஏதோ ஒரு பக்கத்தின் ஆளாகத்தான் பார்க்கப்படுவார். வேர்வை சிந்திவிட்டுத் தண்ணீர் குடிப்பதற்காக மட்டும் அங்கே ஏற முடிகிற காலம் வந்தால் முதலில் நான் போவேன்.

அப்படிப் பார்த்தால் மிகிந்தலை மட்டும் என்ன, அதுவும் புத்த கோயில்தானே என்று அடுத்த கேள்வி வரும். உண்மை. மலை என்று ஒன்று இருந்தால் அதன் தலையில் ஒரு கோயில் இருக்கும், இந்த நாட்டு வழக்கம் அது. அங்கே என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் பூ வைக்கவில்லை. மரியாதைக்கு நின்றேன், நடந்தேன்.

27 செப்டெம்பர் 2024, கொஞ்சம் பிந்தி

கீரிமலை என்று எழுதியவருக்கு: கேள்வி கேட்டவர் முதலிலேயே கும்பிட்டுக் கேட்டிருக்கிறார். கேணியில் முழுகலாம், நகுலேசுவரரைக் கும்பிடலாம், ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்யலாம். ஏறுவதற்கு அங்கே கேணியின் படிக்கட்டைத் தவிர ஒன்றும் இல்லை.

29 செப்டெம்பர் 2024, ஞாயிறு

நான் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன் என்று ஓரிருவருக்குத் தெரியும். ஆகவே இதை எழுதாமல் விட முடியவில்லை.

தானசாலைக்குப் பக்கத்தில் ஒரு வாசலின் இரு பக்கமும் பெரிய கல்வெட்டுப் பலகைகள் நிற்கின்றன. பத்தாம் நூற்றாண்டு, நான்காம் மகிந்தன் காலம். போகிற வருகிறவர்கள் அதற்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்றால், விகாரையை நடத்துகிற சுற்றுநிருபம். பிக்குகள் விடிய எழும்பி என்ன செய்ய வேண்டும், எந்த வேலைக்காரனுக்கு எவ்வளவு கூலி, எவ்வளவு நிலம். அப்புறம், நாளாந்தச் செலவைப் பதிவேட்டில் எழுத வேண்டும், வருட முடிவில் கணக்கை ஒன்றுசேர்த்துச் சங்கத்தின் முன் வாசிக்க வேண்டும்.

ஆயிரம் வருடம்! திடீர் லீவு எடுத்து, நூறு மைல் பஸ்ஸில் வந்து, மலையில் ஏறி, நான் போய் நின்றது ஒரு வருடாந்தக் கணக்கறிக்கைக்கு முன்னால். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் சொல்லிச் சிரித்திருப்பேன். தனியாகப் போவதில் உள்ள ஒரே குறை அதுதான் என்று அப்போது பட்டது.

ஆனால் கூட்டத்தோடு போயிருந்தால் அந்தப் பலகைக்கு முன்னால் அவ்வளவு நேரம் நின்றிருக்கவே மாட்டேன் என்பதும் உண்மை. வான் பயணம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒருவருக்குப் பசி, ஒருவருக்குத் தலைச்சுற்று, முருகண்டியில் தேங்காய் உடைக்க ஒரு நிறுத்தம், சித்தப்பாவின் சிகரெட்டுக்கு ஒரு நிறுத்தம். மலைக்கு வந்து சேரும்போது வெயில் உச்சியில். பாதிப் பேர் கீழேயே மர நிழலில் பாய் விரித்துவிடுவார்கள்.

3 ஒக்டோபர் 2024

பயண விபரம் தனியாகக் கேட்டவர்களுக்கு, ஒரே மூச்சில்:

யாழ்ப்பாணத்தில் இருந்து விடியப்புறம் கண்டி பஸ். ஆசனம் முன்கூட்டியே பதிய முடிந்தால் பதியுங்கள், நடத்துநரிடம் மிகிந்தலைச் சந்தி என்று ஏறும்போதே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் நித்திரையில் தம்புள்ளைக்குப் போய்விடுவீர்கள். நான்கு, நான்கரை மணித்தியாலம் பிடிக்கும். நான் போன 2024இல் ரயிலை நம்ப முடியவில்லை, மகவவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் அப்போது பாதை திருத்தினார்கள். திரும்பி வர, சந்தியில் நின்று யாழ்ப்பாணம் பஸ்ஸை மறிக்கலாம், ஆனால் கண்டியிலேயே நிரம்பி வந்தால் நின்றுகொண்டுதான் வர வேண்டும். நான் வவுனியா வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று என்று வந்தேன். வவுனியாவில் இருந்து இருக்க இடம் கிடைக்கும்.

சாப்பாட்டுக்குப் பருத்தித்துறை வடை. மலைக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு கிடையாது: எண்ணெய் வடியாது, பழுதாகாது, பையில் நொறுங்கினாலும் ருசி மாறாது. வாழைப்பழம் வேண்டாம். குரங்கு தூரத்திலேயே கண்டுபிடித்துவிடும். புனித இடம் என்பதால் மச்சம் மாமிசமும் கொண்டுபோக வேண்டாம். தண்ணீர் இரண்டு போத்தல். முழங்காலும் தோளும் மூடுகிற உடுப்பு. கழற்றின செருப்பை வைக்க ஒரு பை, ஏனென்றால் ஏறின வழியாலேயே இறங்குவீர்கள் என்று இல்லை.

போயா (பௌர்ணமி) நாளிலும், ஆனி மாதப் பொசன் காலத்திலும் போகாதீர்கள். பொசன்தான் அந்த மலையின் திருவிழா. படி தெரியாது, தலைதான் தெரியும்.

3 ஒக்டோபர் 2024, இரவு

பெண் தனியாகப் போகலாமா என்று உள்பெட்டியில் கேட்ட தங்கச்சிக்கு, பொதுவாகவே எழுதுகிறேன்.

மலையில் எனக்கு ஒரு பயமும் வரவில்லை. அங்கே பகலில் எப்போதும் குடும்பங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பூக்காரர். ஆளில்லாத இடம் என்றால் கந்தக சேத்தியவுக்குப் பின்னால் உள்ள குகைப்பக்கம், அங்கே நான் கொஞ்சம் உள்ளே போய்விட்டுத் திரும்பினேன். சிங்கள ஊரில் தமிழ் பேசத் தயங்குகிற எங்கள் வயதுக்காரரின் பழக்கம் என்னிடமும் இருக்கிறது. போனில் அம்மாவோடு கதைக்கும்போது குரல் தானாகவே தாழ்ந்தது. அதை நான் கவனித்துவிட்டு வேண்டுமென்றே சத்தமாகக் கதைத்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களுக்கு ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டி நடந்த ஞாபகம் இருக்கிறது, 2006 ஓகஸ்டில் சண்டையால் ஏ9 பூட்டினபோது மலையும் இல்லை, வவுனியாவும் இல்லை. உங்களுக்கு அந்தப் பாரம் இல்லை. போங்கள்.

தொல்லை எல்லாம் ஊருக்குத் திரும்பி வந்த பிறகுதான். பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால்: "பிள்ளை, நேற்று முழுக்க வீட்டிலை இல்லைப் போல. கொழும்புக்கோ?" இல்லை, மலை ஏறப் போனேன். "தனியவோ?" ஓம். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

12 ஒக்டோபர் 2024

சுவிஸில் இருக்கிற என் தம்பி இதை எல்லாம் வாசித்துவிட்டுச் சிரிக்கிறான். ஆயிரம் அடி மலையாம், அவனுடைய வீட்டு யன்னலால் தெரிகிற மலையில் பாதியில் நிற்கிற மாட்டுக் கொட்டிலே அதைவிட உயரத்தில் இருக்கிறதாம்.

அவன் சொல்வது சரி. மிகிந்தலை கடல்மட்டத்தில் இருந்து சுமார் 1000 அடிதான், அடிவாரமே சில நூறு அடியில் இருப்பதால் ஏறுகிற உயரம் இன்னும் குறைவு. ஆனால் அவன் அங்கே போய் எவ்வளவோ வருடம், அந்த மாட்டுக் கொட்டில் வரை ஏறினாயா என்று கேட்டேன். வேலை, பனி, பிள்ளைகளின் வகுப்பு என்று தொடங்கினான். அம்மா போனை வாங்கி, "அவள் ஏறிப்போட்டு வந்திட்டாள், நீ யன்னலாலை பார்" என்றார். அம்மா என் பக்கம் பேசியது எனக்கே ஆச்சரியம்.

அவனோடு வாதாடியதில் ஒன்று தோன்றியது. யாழ்ப்பாணத்தில் காலுக்குக் கீழே உள்ளது முழுக்கச் சுண்ணாம்புக் கல், ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் படிந்தது. வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, மலை இல்லை, தண்ணீர் எல்லாம் கிணற்றுக்குள். எங்களுக்கு ஆழம் தெரியும், எத்தனை முழத்தில் நல்ல தண்ணீர், எத்தனையில் உவர் என்று. உயரத்துக்கு எங்களிடம் கணக்கே இல்லை. பனையைத்தான் அளவாக வைத்திருக்கிறோம். தென்பக்கத்துப் பாறை இதைவிட எவ்வளவோ பழையது, வெயிலும் மழையும் சுற்றியுள்ள நிலத்தைக் கரைத்துக்கொண்டு போக, கரையாத பாறை குன்றாக நின்றுவிட்டது.

நடக்கத் தெரியாத சனம் இல்லை நாங்கள். செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் இருந்து கதிர்காமம் வரை கால்நடையாகப் போகிற ஊர். நடப்பதற்கு நேர்த்தி ஒன்று வேண்டும், அவ்வளவுதான். நேர்த்தி இல்லாமல் நடந்தால் "வீட்டில் பிரச்சினையோ".

28 நவம்பர் 2024

இன்னொரு திடீர் லீவு. வீட்டைச் சுற்றி வெள்ளம், முற்றத்தில் முழங்கால் தண்ணீர். புயல் வெளியே நின்றுகொண்டு மழையை இங்கே கொட்டுகிறது. எந்த மலைக்குப் போகலாம் என்று கேட்டு ஒருவர் பகிடி எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் உயரமான இடம் அலுமாரிக்கு மேல்தட்டு. அரிசி மூட்டை அங்கே ஏறிவிட்டது.

19 ஜனவரி 2025

பொங்கல் கழிந்த ஞாயிறு. மணற்காட்டுக்குப் போனேன். கேள்வி கேட்டவர் கவனிக்க: இது குடாநாட்டுக்கு உள்ளேயே இருக்கிறது, முழு நாள் வேண்டாம், ஒரு பின்னேரமே போதும்.

பருத்தித்துறை தாண்டி வல்லிபுரம், அதற்கும் அங்கால் மணற்காடு. கடற்கரையோடு மணல் மேடுகள், சவுக்குத் தோப்பு, மணலில் பாதி புதைந்த பழைய தேவாலயத்தின் சுவர்கள். மேட்டில் ஏறினால் ஒவ்வொரு அடியிலும் கால் புதைந்து பாதி அடி பின்னால் வழுக்கும். உயரம் ஒன்றும் பெரிதில்லை, ஆனால் மூச்சு வாங்கும். இறக்கம் சுகம், மணல் தானே தாங்கிக்கொள்கிறது. இரண்டு நாள் கழித்தும் தொடை வலிக்கவில்லை. செப்டெம்பரில் நான் எழுதிய இறக்கக் கணக்கை இங்கே பரீட்சித்துப் பார்த்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

மிகிந்தலைக்கு முன் இங்கே கொஞ்ச நாள் ஏறி இறங்கினால் காலுக்குப் பழக்கம் வருமா என்றால், ஏற்றத்துக்கு வரும். இறக்கத்துக்கு வராது, அதற்குக் கல்லோ சீமெந்தோ வேண்டும். அலுவலகம் மாடிக் கட்டடம் என்றால் மதியத்தில் மாடிப்படியால் இறங்கி இறங்கிப் பழகுங்கள். நான் அதைத்தான் செய்கிறேன். காவலாளி இப்போது கேள்வி கேட்பதை விட்டுவிட்டார்.

வாடைக் காற்று முகத்தில் மணலை எறிகிற காலம் இது, கண்ணாடி போட்டுப் போங்கள். இன்னொன்று. அந்தப் பக்கம் மணல் அள்ளுகிற கொள்ளையைப் பற்றி வடமராட்சி கிழக்கு ஆட்கள் எத்தனையோ வருடமாகக் கத்துகிறார்கள். எங்களுக்கு மேடு என்று இருப்பது இவ்வளவுதான். அதையும் உழவு இயந்திரத்தில் ஏற்றி வீட்டு அத்திவாரத்துக்குள் கொட்டிவிட்டு, பிறகு மலை பார்க்க வான் பிடிக்கிறோம்.

14 பெப்ரவரி 2025

கேள்வி கேட்டவர் கடைசியில் மிகிந்தலைக்குப் போய் வந்துவிட்டார். அதுவும் புதன்கிழமை, நவம் போயாவில். போயாவில் போக வேண்டாம் என்று எழுதியிருந்தேனே தம்பி! ஆராதனா கலவில் வரிசையில் நின்றே ஒரு மணித்தியாலம் போய்விட்டதாம், உச்சியில் நிற்க விட்டது இரண்டு நிமிடமாம். இருந்தாலும் சந்தோசமாக எழுதியிருக்கிறார். அம்பஸ்தலைக்குக் கிட்ட ஒரு குடும்பம் தானச் சோறு கொடுத்ததாம், பருத்தித்துறை வடையைப் பதிலுக்குக் கொடுத்தாராம்.

அடுத்த முறை சனம் இல்லாத உச்சி வேண்டும் என்று கேட்கிறார். மிகிந்தலையிலேயே இருக்கிறது. எத் விகாரை, அந்தத் தொகுதியில் எல்லாவற்றிலும் உயரம் அதுதான். நாக பொக்குணவைக் கேட்டுப் போங்கள். பாறையை வெட்டிய குளம், பின்சுவரில் தண்ணீரில் இருந்து எழும்புகிற ஐந்துதலை நாகம். நாகபூசணி அம்மனைக் கும்பிடுகிற நயினாதீவுக்காரருக்கு அந்த இடத்தைப் பிடிக்கும். முதல் நாள் உச்சியைவிட அங்கேதான் நான் அதிக நேரம் இருந்தேன், நிழல் இருந்தது, ஆள் இல்லை. எத் விகாரைக்கு அதற்கு மேலேயும் படி ஏற வேண்டும். பெரும்பாலானவர்கள் மகாசேய என்ற பெரிய தாதுகோபத்தோடு திரும்பிவிடுவதால் அங்கே கூட்டம் சேராது. வெயில் ஏறமுன் போய்விடுங்கள், இறங்கி வந்து பதினொரு மணிக்குள் நிழலுக்கு வந்துவிட்டால் நல்லது. தண்ணீர் மூன்று போத்தல்.